கீழே நின்று சீவ முடியாது

தாத்தாவின் நெஞ்சில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் காய்த்துப்போயிருக்கும். கறுத்து, தடித்து, நடுவில் லேசாகப் பிளந்து, தொட்டால் பழைய செருப்பின் அடித்தோல் மாதிரி இருக்கும். முழங்கைகளின் உட்புறத்திலும், இரண்டு பாதங்களின் உள்விளிம்பிலும் அதேபோலக் காய்ப்பு. முழுப்பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போனால் இரவில் அவருடைய நார்க்கட்டில்தான் எனக்குப் படுக்கை. குடும்ப ஜெபம் முடிந்து பாட்டி விளக்கை அணைத்த பிறகு, அந்தக் காய்ப்பின் ஓரத்தை விரலால் தடவியபடியே தூங்கிப்போவேன்.

“வலிக்குதா தாத்தா?”

“காய்ச்சுப்போனது எங்கலே வலிக்கும்? காயாத நாளையில வலிச்சுது.”

அது 1972. எனக்கு எட்டு வயது. அவர் என் அம்மாவைப் பெற்றவர். பனையேறி. பன்னிரண்டு வயதில் தளைநாரைக் காலில் மாட்டியவர். அப்பா தூத்துக்குடியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்ததால் நாங்கள் டவுனில் வளர்ந்தோம். ஆனால் வேதத்தை நான் வாசிக்கக் கற்றது டவுன் ஞாயிறு பள்ளியில் இல்லை. சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவில், செம்மண் தேரியின் ஓரத்தில், நாற்பது பனைகளுக்குக் கீழே கற்றேன்.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கொஞ்சம் கடினம். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் கடற்கரை மணல் இல்லை. இரும்புத்துரு நிறத்தில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற மணற்குன்றுகள். ஆடிக் காற்று கிளம்பினால் குன்றின் முகமே மாறிவிடும். நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. சோற்றில் மணல், கண்ணில் மணல், கோயில் பாயில் மணல். அந்த மணலில் வேறு எதுவும் நிலைக்காத இடத்தில் பனை நிற்கும். உடை மரமும் கொல்லாமாவும் அங்கங்கே உண்டு. ஆனாலும் ஊரைத் தாங்கியது பனைதான்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவம் இந்த மணலில் வேர் பிடித்தது. கிறிஸ்தவர்களாக மாறி ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காகத் தாவீது சுந்தரானந்தம் 1799-இல் ஓர் ஊரை உண்டாக்கினார். முதல் ஊர் என்பதால் அது முதலூர். மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் தொடங்கிய பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரம். தாத்தாவின் பங்கிலிருந்த ஒரு நெட்டைப் பனையின் உச்சியில் ஏறினால், விடியற்காலையில் மூட்டம் இல்லாத நாளில், அந்தக் கோபுரத்தின் நுனி ஊசிபோலத் தெரியுமாம். அந்த மரத்தில் ஏறும்போது மட்டும் அவர் பாளையைத் தொடுவதற்கு முன் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார். நான் கீழே நின்று பார்த்திருக்கிறேன். மேலே என்ன ஜெபித்தார் என்பது எனக்குக் கேட்டதில்லை.

மணல் விஷயம் ஒன்று. எட்டு வயதில் விடுமுறை வேதாகமப் பள்ளியில் உபதேசியார் இரண்டு வீடுகளின் உவமையைச் சொன்னார். ஒருவன் கன்மலையில் கட்டினான், இன்னொருவன் மணலில் கட்டினான், மழை வந்தது, மணல் வீடு விழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்கள் ஊரில் கோயில் உட்பட எல்லாமே மணலில்தானே நிற்கிறது! வீட்டுக்கு ஓடிவந்து தாத்தாவிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் பனங்கிழங்குக்குப் போட்டிருந்த பாத்தியில், மாட்டுக்கென்று விட்டுவைத்த கடைசி வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மண்வெட்டியால் ஒரு பக்கத்தை மெதுவாகச் சரித்துக் காட்டினார்.

மேலே ஒன்றுமே இல்லை. ஒரு பச்சை கூட இல்லை. ஆனால் மணலுக்குள், கொட்டையிலிருந்து ஒரு வெள்ளை முளை நேரே கீழே இறங்கியிருந்தது. அதன் அடியில் கிழங்கு திரண்டிருந்தது. என் முழங்கை நீளம் இருக்கும்.

“பாத்துக்கோ. மத்த விதையெல்லாம் மண்ணைப் பொளந்துட்டு மேல வரும். இது முதல்ல கீழ போவும். கீழ போயி, உக்காந்து, பெலப்பட்டு, பொறவுதான் ஓலை மேல எட்டிப் பாக்கும். மணலுல நிக்கணும்னா வேற வழி இல்லலே.”

அடுத்த ஞாயிறு உபதேசியார் எங்கள் வீட்டுக்குப் பதநீர் குடிக்க வந்தபோது தாத்தா அவரிடம் இதைச் சொன்னார். உபதேசியார் வேதத்தை எடுத்து லூக்காவைத் திறந்து, அதே உவமை அங்கே வேறு விதமாக இருக்கிறது என்று காட்டினார். லூக்கா சொல்லும்போது முதல் மனிதன் ஆழமாகத் தோண்டினான் என்று சேர்த்துச் சொல்கிறார். தாத்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எழுத்துக்கூட்டித்தான் அவர் வாசிப்பார். ஆனால் அன்றைக்கு அந்த வசனத்தின்மேல் விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தார்.

பாளை சீவுவதை நான் கிட்ட இருந்து பார்த்தது அடுத்த வருடம். அப்போதுதான் முதல் பாளை விட்டிருந்த ஓர் இளம்பனை கிணற்றடியில் நின்றது. இருபதடிகூட இருக்காது. ஏணி சாத்தி, தன் இடுப்புத் துண்டால் என்னை மட்டையோடு சேர்த்துக் கட்டி, “அசையாம இரிலே” என்றார்.

இடுப்பில் தொங்கிய அரிவாள் பெட்டியிலிருந்து பாளை அரிவாளை எடுத்தார். காலையிலேயே தீட்டுப் பலகையில் வெங்கச்சங்கல் பொடி தூவித் தீட்டிய அரிவாள். கலயத்தை இறக்கினார். நேற்றுச் சீவிய பாளை நுனி லேசாகப் பழுப்பேறி உலர்ந்திருந்தது. அதன்மேல் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. விழுந்த சீவலை எடுத்து என் கையில் வைத்தார். வெங்காயத்தின் மேல்தோல் கனம்தான் இருந்தது. அதன் வழியாக என் விரல் ரேகை தெரிந்தது. வெட்டிய முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. நான் மூச்சு விட்டு இழுப்பதற்குள் வேர்வைபோலச் சின்னச் சின்னதாக அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு சொட்டாகத் திரண்டு நின்றது. வெயில் அதில் பட்டது. விழுந்தது. அடுத்த சொட்டு அரும்பியது.

கலயத்தின் உள்புறம் சுண்ணாம்பு தடவி மறுபடியும் பாளையில் கட்டும்போது அவர் பேசிக்கொண்டே இருந்தார். வெளியாட்களிடம் அதிகம் பேசாதவர், மரத்தின்மேல் பேசுவார். கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். கொஞ்சம் குறைந்தால் வாய் அடைத்துக்கொள்ளும், வடியாது. காலையும் மாலையும் சீவவேண்டும். இரண்டு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். முதலில் கடிப்பு என்கிற மர இடுக்கியால் பாளையைப் பக்குவமாக நசுக்கவேண்டும். நசுக்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. முரட்டுக் கை பட்டால் உள்ளே அழுகிப்போகும். ஆண்பனைக்கு ஒரு விதம், பெண்பனைக்கு ஒரு விதம். பதினைந்து இருபது வருடம் காத்திருந்து, பாளை விட்ட பிறகுதான் அது ஆணா பெண்ணா என்றே தெரியும்.

“இத்தனை தடவ வெட்டுனா மரத்துக்கு வலிக்காதா தாத்தா?”

அவர் கட்டி முடித்த முடிச்சை இழுத்துப் பார்த்தார். “எனக்கும் அது தெரியாதுலே. அதனாலதான் மெல்லுசா சீவுதேன்.”

திராட்சச்செடியையும் கொடிகளையும் பற்றி யோவான் 15-ஆம் அதிகாரத்தில் வருகிற பகுதி எங்கள் ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். திராட்சத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் ஊரில் ஒருவரும் கிடையாது. ஆனால் கனி கொடுக்கிற கொடியைத் தோட்டக்காரர் அறுத்துச் சுத்தம் செய்கிறார் என்று வாசிக்கும்போது, கோயிலில் உட்கார்ந்திருக்கிற பனையேறிகளின் கை மடியில் லேசாக அசையும். நான் அதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது உவமை இல்லை, காலையில் செய்துவிட்டு வந்த வேலை.

அது மட்டுமா. 92-ஆம் சங்கீதம் நீதிமானைப் பனைக்கு ஒப்பிடுகிறது, முதிர்ந்த வயதிலும் அவன் கனி தருவான் என்று சொல்கிறது. தாத்தாவுக்கு அது சொந்தச் சொத்து மாதிரி. யூதேயாவில் தாவீது ராஜா பனை ஏறிப் பார்த்திருப்பார் என்று முழுமனதாக நம்பினார். நான் பெரியவனாகிப் படித்தபோதுதான் தெரிந்தது, எபிரெயத்தில் அங்கே இருக்கிற சொல் தாமார். பேரீச்சை மரம். யூதாவின் மருமகளுக்கும் அதே பெயர்தான். அதே சொல்லை ஏலிமில் எழுபது மரங்கள் நின்றன என்று வருகிற யாத்திராகமத்தில் நம்முடைய மொழிபெயர்ப்பாளர்கள் பேரீச்சமரம் என்றே வைத்தார்கள். சங்கீதத்துக்கு வரும்போது பனை என்று போட்டார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று நான் ஆராயப் போவதில்லை. தேரிக்காட்டில் மணலோடு போராடிய மூன்று நான்கு தலைமுறை மனிதர்களுக்கு, தங்கள் மரம் ஆண்டவருடைய புத்தகத்தில் இருக்கிறது என்கிற தைரியத்தை அந்த ஒரு சொல் கொடுத்தது. அதற்காக, மொழிபெயர்த்த அந்தக் கைகளுக்கு நான் நன்றி சொல்கிறேன். தாத்தாவிடம் பேரீச்சை விஷயத்தை நான் கடைசிவரை சொல்லவில்லை.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் ஓலை எடுத்துவருவது அவர் பொறுப்பு. ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் கைவைக்க மாட்டார். நடுக்குருத்துதான் மரத்தின் உயிர், அதில் பேராசை கூடாது. அவிழாத குருத்து சந்தன நிறத்தில் இருக்கும், பிரித்தால் பச்சை வாசம் வரும். நாங்கள் பிள்ளைகள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து சிலுவை மடிப்போம். அம்மாதான் எங்களுக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்தவள். நான்கு மடிப்பில் சிலுவை வரும், அவள் ஐந்தாவதாக ஒரு மடிப்புப் போட்டு நடுவில் ஒரு சின்ன முடிச்சு வைப்பாள். எங்கள் வீட்டுச் சிலுவையை ஊர்வலத்தில் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

பதநீர் காய்ச்சுகிற விடிலியில் பாட்டியின் ராஜ்யம். பதநீர் கொதித்துப் பொங்கி விளிம்பைத் தாண்டப்போகும் நேரத்தில் இடித்த ஆமணக்கு முத்து ஒரு சிட்டிகை போடுவாள், பொங்கினது அப்படியே தலை தாழும். பாகு பதம் வந்ததா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பாள். பிறகு சிரட்டைகளில் வார்ப்பாள். பருவத்தின் முதல் சிரட்டை எங்களுக்கு இல்லை, அது ஆண்டவருக்கு. ஓலைக் கொட்டானில் கட்டி உறியில் தொங்கும். அறுப்பின் பண்டிகையில் அதை ஏலம் விடுவார்கள். சந்தை விலையைப்போலப் பத்து மடங்குக்குப் போகும். எடுத்தவர் அதை உடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். அந்தக் கருப்பட்டியின் ருசியை இன்று எந்தக் கடையிலும் நான் காணவில்லை.

இனி எழுதுவதை எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

1983-இல் அம்மா இறந்தாள். எனக்குப் பத்தொன்பது வயது. கர்ப்பப்பையில் புற்று. பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தாள். கடைசி இரண்டு மாதம் அவள் பட்ட வேதனையை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஊரிலேயே அடக்கம் செய்யவேண்டும் என்று கேட்டிருந்ததால் தாத்தா வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் செய்தி கொடுத்தார். பனையேறிகள் ஊர் என்பதால் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லவேண்டும் என்று நினைத்திருப்பார். ஆண்டவர் இந்தச் சகோதரியைப் பாளையைச் சீவுவதுபோலச் சீவினார், சீவச் சீவப் பதநீர் வடிந்தது, சீவினால்தான் இனிமை என்று நீட்டிக்கொண்டே போனார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சுற்றி நின்றவர்களில் பலர் ஆமென் என்றார்கள்.

நான் தாத்தாவைப் பார்த்தேன். பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தார். அவர் ஆமென் சொல்லவில்லை.

அதன்பிறகு மூன்று வருடம் நான் கோயிலுக்குப் போகவில்லை. வேலை கிடைத்து மதுரையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மணிச்சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். அந்த ஆளின் குரல்தான் எனக்குக் கேட்கும். என் அம்மாவின் வேதனையில் இனிமை வடிந்தது என்று சொல்லுகிற ஒரு கடவுள் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. சின்ன வயதில் கையில் வைத்துப் பார்த்த அந்த மெல்லிய சீவல், வெயில் பட்ட சொட்டு, எல்லாமே விஷமாகிவிட்டன.

1986 பங்குனியில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனேன். லெந்து நாட்கள். தாத்தாவுக்கு எழுபத்து மூன்று. முந்தின வருடம்தான் ஏறுவதை நிறுத்தியிருந்தார். விடிலி வாசலில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் மணி அடித்தது. பாட்டி கம்பளிக்குள் இருந்து, “நீ போகலயாலே?” என்றாள். நான் பேசாமல் இருந்தேன். தாத்தா எழுந்து, “வா, கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்” என்றார். கோயில் பக்கம் திரும்பவில்லை. தேரிப் பக்கம் நடந்தார்.

ஊர் எல்லையில் ஒரு மொட்டைப் பனை நின்றது. எனக்குத் தெரிந்த மரம்தான். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஐப்பசி மழையில் இடி விழுந்து கருகியது. தலை இல்லை, ஓலை இல்லை, வெறும் தண்டு. அதன் அடியில் போய் நின்றார்.

“இந்த மரத்த சீவுனவன் யாருலே?”

“இது இடி விழுந்தது தாத்தா.”

“ஆங். இடி விழுந்தது. எவனாவது இதக் காட்டி, சீவுன பனைன்னு சொல்லுவானா? சொன்னா அவன் பனை ஏறுனவன் இல்ல.” கொஞ்ச நேரம் மணலைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றார். “எம் மவளுக்கு வந்தது சீவல் இல்லலே. நான் அறுவது வருசம் சீவியிருக்கேன். எனக்குத் தெரியும். சீவுறது இப்படி இருக்காது.”

எனக்கு வாய் வரவில்லை. அவர் அழுததை அம்மாவின் அடக்கத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. அப்போதும் கண்ணீர் வரவில்லை, குரல் மட்டும் ஒரு இடத்தில் நின்று நின்று வந்தது.

“அப்போ இடி யாரு விட்டது தாத்தா? அதையும் அவருதானே?”

“தெரியாது. நான் அவர்ட்ட தினம் கேக்கேன். இன்னும் சொல்லல. ஆனா ஒண்ணு தெரியும். கீழ நின்னுக்கிட்டு எவனும் பனை சீவ முடியாது. ஏறணும். நெஞ்சை மரத்துல வச்சுத் தேய்ச்சுத்தான் ஏறணும். கை வழுக்குனா மரம் விழாது, சீவப் போனவன்தான் விழுவான். அந்தப் பிரசங்கியாரு சொன்னாருலா, ஆண்டவர் மேல உக்காந்துக்கிட்டு அருவாள நீட்டுற மாதிரி? அப்படி ஒருத்தர எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சவருக்கு உடம்பெல்லாம் காயம்.”

அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்து என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தார். ஏறுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. காய்ப்பு கொஞ்சம்கூட இளகவில்லை.

தோமாவின் கதையை அதற்கு முன் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சந்தேகப்பட்டவனை ஆண்டவர் வெட்கப்படுத்தின கதையாகத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு அந்த மொட்டைப் பனைக்குக் கீழே, கை அந்தக் கறுத்த தோலின்மேல் இருக்கையில், அது வேறு கதையாகத் தெரிந்தது. தோமா கேட்டது விளக்கம் இல்லை. காயத்தைத் தொடவேண்டும் என்று கேட்டான். ஆண்டவரும் விளக்கம் சொல்லவில்லை, கையை நீட்டு என்றார். உயிர்த்தெழுந்த பிறகும் அந்தக் காயங்கள் அந்தச் சரீரத்தில் இருந்தன என்று யோவான் எழுதியிருப்பதை நான் எப்படிக் கவனிக்காமல் போனேன் என்று தெரியவில்லை.

திரும்பும்போது மொட்டைப் பனையின் உச்சியிலிருந்த பொந்திலிருந்து இரண்டு கிளிகள் கீச்சிட்டுக்கொண்டு பறந்தன. தலை போன பனையில் கிளி பொந்து வைப்பதுண்டு. தாத்தா அவற்றைப் பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதை வைத்து இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. என் அம்மா இறந்ததற்கு அந்தக் கிளிகள் காரணம் ஆகாது, ஈடும் ஆகாது. கிளிகள் இருந்தன, அவ்வளவுதான். அந்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. நான் கோயிலுக்குப் போனேன். ஐந்தாவது மடிப்புப் போட்டுச் சிலுவை செய்து கொண்டுபோனேன்.

இயற்கையிலிருந்து ஆண்டவரைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். காட்டுப் புஷ்பங்களையும் ஆகாயத்துப் பறவைகளையும் பார்க்கச் சொன்னவர் இயேசுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஒரு செடியைப் பார்த்தவுடன் அதற்கு ஒரு பாடத்தை ஒட்டி, அந்தப் பாடத்தை வேதனைப்படுகிறவரின் தலைமேல் வைப்பதற்கு அவர் சொல்லவில்லை. பார்க்க வேண்டுமென்றால் தாத்தா பார்த்த மாதிரி பார்க்கவேண்டும். அறுபது வருடம், காலையும் மாலையும், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு. அப்படிப் பார்த்தவருக்குத்தான் சீவலுக்கும் இடிக்கும் வித்தியாசம் தெரிந்தது.

அவர் 1994-இல் போனார். தை மாதம், பாளை விடத் தொடங்குகிற நேரம். மூத்த பேரன் என்பதால் குளிப்பாட்டும்போது நானும் நின்றேன். எண்பத்தோரு வயதில் உடம்பு வற்றி எலும்பாகியிருந்தது. நெஞ்சிலிருந்த காய்ப்பு மட்டும் அப்படியே இருந்தது. தண்ணீர் அதன்மேல் நிற்காமல் வழிந்தது. பெட்டியில் வைக்கும்போது யாரோ புதுச் சட்டையின் பொத்தான்களை மேலே வரை போட்டார்கள். நான் மேல் இரண்டை அவிழ்த்துவிட்டேன்.

அவருடைய நாற்பது பனைகளில் இப்போது பதினொன்று நிற்கின்றன. மற்றவை செங்கல் சூளைகளுக்குப் போய்விட்டன. விற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. ஏற ஆள் இல்லை, ஏறுகிறவனுக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனையை வெட்டுவதற்கு ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் மரமும் ஏறுகிற ஆளும் இல்லாமல் குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கருப்பட்டி என்று விற்கப்படுவதில் சீனி கலந்ததும் உண்டு, வாயில் போட்டால் தெரிந்துவிடும்.

யோவான் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். குருத்தோலை பிடித்து ஜனங்கள் எதிர்கொண்டு போனது அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணியும் அதே அதிகாரத்தில்தான், பத்துப் பதினோரு வசனம் தள்ளி. ஒவ்வொரு வருடமும் நாம் குருத்தைப் பிடிக்கிறோம். விதையை எத்தனை பேர் போட்டோம்?

எங்கள் ஊர்க் கோயிலில் போன புரட்டாசியில், பனம்பழம் விழுந்துகொண்டிருந்த வாரத்தில், ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதிலோரம் முப்பது கொட்டைகளைப் புதைத்தோம். மூன்று மாதம் கழித்து ஒரு பையன் வந்து, ஒன்றுகூட முளைக்கவில்லை தாத்தா என்றான். நான் அவனைக் கூட்டிக்கொண்டுபோய், ஓரத்தில் இருந்த ஒன்றை மண்வெட்டியால் மெதுவாகச் சரித்துக் காட்டினேன். இப்போது பத்தொன்பது கொட்டைகள் ஓலை விட்டிருக்கின்றன. ஒரு விரல் அகலம்தான், மடிப்புக்கூட இன்னும் விழவில்லை. அவை பாளை விடுவதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன், அந்தப் பையன் இருப்பான்.

உங்கள் கோயில் வளாகத்தில் மணலோ மண்ணோ கொஞ்சம் இருக்கும். இந்த ஆவணி, புரட்டாசியில் பத்துக் கொட்டைகளைப் போடுங்கள். தண்ணீர் ஊற்றவேண்டாம், வேலி வேண்டாம். தோண்டிப் பார்க்காமல் காத்திருந்தால் போதும்.